கம்பஸ் முடிந்தது, பிசினஸ் தொடங்க ஆசை: வழிகாட்ட யாரைப் பிடிப்பது?

"பட்டம் முடிந்து ஒரு வருடமாகிறது. வேலைக்கும் எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறேன், சொந்தமாக ஏதாவது தொடங்கும் எண்ணமும் இருக்கிறது. ஒரு கெரியர் கோச் மூன்று மாதப் பெக்கேஜ் சொல்கிறார். எடுக்கலாமா?"

ஆளும் படித்த பாடமும் மாறும். வாசகர்களிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான். கேட்பவர்களில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிறந்து வளர்ந்தவர்கள் உண்டு. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன் பக்கமிருந்து படிக்க வந்து, அறை எடுத்துக் கொழும்பிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு.

எடுக்கலாமா என்பதற்கு முன்னால், அந்தக் காசுக்கு எதிரே வேறு என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கொழும்பில் ஒரு பட்டதாரிக்கு நான்கு வழி திறந்திருக்கிறது: கம்பஸிலேயே இருக்கும் தொழில் வழிகாட்டல் பிரிவு, காசு கொடுத்துப் பிடிக்கும் கோச், ஸ்டார்ட்அப் இன்கியூபேட்டர் (புதுத் தொழில்களுக்குக் கைகொடுத்து வளர்த்துவிடும் திட்டம்), அப்புறம் யாரும் வழிகாட்டல் என்ற பெயரில் அழைக்காத ஒன்று: ஒரு முதலாளியிடம் போய் வேலைக்கு நிற்பது.

என் சாய்வையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கோச்சிங்கின் உண்மையான பயன், தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பதை நிறுத்துவது. யாவாரம் கற்றுத் தருவது அதன் வேலை அல்ல. இந்த இரண்டில் உங்களுக்கு எது குறைகிறது என்று தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, முழுச் செலவு. கட்டணம் மட்டுமல்ல, அந்த மாதங்களில் உழைத்திருக்கக்கூடிய சம்பளமும் சேர்ந்ததுதான் செலவு. அறை வாடகை கட்டிக்கொண்டு இருப்பவருக்கும் அம்மா வீட்டில் சாப்பிடுபவருக்கும் இந்தக் கணக்கு ஒன்றல்ல.

இரண்டாவது, வாடிக்கையாளர். வழி காட்டுபவர் உங்களை, காசு கொடுத்து வாங்கக்கூடிய ஒரு ஆளின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவாரா? "நெட்வொர்க்கிங்" என்ற பெயரில் உங்களைப் போலவே தொடங்க நினைக்கும் இன்னும் முப்பது பேரைச் சந்திப்பது இதில் சேராது.

மூன்றாவது, மொழி. தமிழ்மொழி மூலம் படித்து வந்தவருக்கு இது சின்ன விஷயமல்ல. நல்ல யோசனை வைத்திருப்பவர் ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேசச் சொன்னதும் சுருங்கிப்போவதைப் பார்க்கலாம். கொழும்பில் சரக்கு வாங்கவும் விற்கவும் சிங்களமும் வேண்டும்.

நான்காவதை நான் மற்ற மூன்றையும்விடப் பெரிதாக எடுப்பேன்: இவர் உங்களிடம் "இது சரிவராது, விடுங்கள்" என்று சொல்வாரா? சொன்னால் அவருக்கு என்ன நட்டம்? மாதாமாதம் உங்களிடம் காசு வாங்குபவருக்கு, நீங்கள் நிறுத்தினால் வருமானம் நின்றுவிடும். முதலீடு போட்டவருக்கு, நீங்கள் தவறான பாதையில் போனால் நட்டம். சம்பளத்துக்கு இருப்பவருக்கு இரண்டுமே இல்லை. இதில் யாரும் கெட்டவர் கிடையாது. ஆனால் யார் சொல்லும் அறிவுரை எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

கடைசியாக, வீடு. தமிழ் வீடுகளில் சொந்தத் தொழிலுக்கு எதிரே நிற்பது வேறொரு தொழில் அல்ல, அரச வேலை. 2020இல் ஆயிரக்கணக்கான பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவோடு பயிலுநர்களாக அரசு எடுத்ததை அம்மாமார் மறக்கவில்லை. அடுத்த பட்டியல் எப்போது வரும் என்ற எதிர்பார்ப்பு வீட்டில் இருக்கும்வரை, உங்கள் தொழில் "அதுவரைக்கும் ஏதோ செய்றான்" என்ற கணக்கில்தான் இருக்கும். வழிகாட்டல் இதற்கு ஏதாவது செய்கிறதா என்றும் பாருங்கள்.

## கம்பஸின் தொழில் வழிகாட்டல் பிரிவு

கொழும்பு, மொறட்டுவை, களனி, ஸ்ரீ ஜயவர்தனபுர என்று அரச பல்கலைக்கழகங்களில் இந்தப் பிரிவு இருக்கிறது. காசு இல்லை. கூடவே, உலக வங்கி நிதியில் நடந்த அஹெட் என்ற உயர்கல்வித் திட்டத்தின்போது பல்கலைக்கழகங்களையும் தொழில்துறையையும் இணைக்கத் தனிப் பிரிவுகளும் வலுப்படுத்தப்பட்டன. ஆய்வுகூடத்தில் பிறந்த ஒரு பொருளை வைத்துத் தொழில் தொடங்க நினைப்பவர் அங்கேதான் முதலில் போக வேண்டும்.

குறை தெரிந்ததே. வழிகாட்டல் பிரிவின் அன்றாட வேலை சிவி திருத்துவது, மாதிரி நேர்முகத் தேர்வு, வருடாந்த வேலைச் சந்தை. நிறுவனங்களுக்கு ஆள் கொடுப்பதற்காக அமைந்த இடத்தில் "நான் நிறுவனம் தொடங்கப் போகிறேன்" என்றால் அன்பாகக் கேட்பார்கள், ஆனால் கையில் கொடுக்க அவர்களிடம் அதிகம் இருக்காது. பட்டமளிப்புக்குப் பிறகு எவ்வளவு காலம் உங்களுக்கு நேரம் ஒதுக்குவார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே கேட்க வேண்டியது அறிவுரை அல்ல, பெயர்கள். உங்கள் பீடத்தில் படித்து இப்போது சொந்தத் தொழில் செய்யும் பழைய மாணவர்கள் யார்? அவர்களில் இருவரோடு பேச வைத்தால் போதும். தமக்கு நாலைந்து வருடம் கீழே படித்த ஒரு பிள்ளை ரெலிபோன் எடுத்தால் அவ்வளவு எளிதில் தட்டமாட்டார்கள்.

இலவசத்தில் இன்னொன்றும் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. பிரதேச செயலகங்களில் சிறுதொழில் அபிவிருத்திக்கென்று உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். கட்டுபெத்தையில் கைத்தொழில் அபிவிருத்திச் சபை இருக்கிறது. உணவுப் பொருள், தோல், மரம், உலோகம் என்று கையால் தொட்டுச் செய்யும் தொழிலென்றால் அங்கே ஒரு நாள் போய்வருவது வீண்போகாது.

## காசு கொடுத்துப் பிடிக்கும் கோச்

"கோச்" என்று பெயர்ப்பலகை போட உரிமம் எதுவும் தேவையில்லை. இன்றைக்கு நினைத்தால் நானும் போடலாம். சர்வதேசக் கோச்சிங் சம்மேளனத்தின் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் உண்டு. அதன் முதல் படிக்கு 100 மணிநேரமும், அடுத்ததற்கு 500 மணிநேரமும் கோச்சிங் செய்த அனுபவம் கேட்பார்கள். அது மதிக்க வேண்டிய உழைப்புத்தான். ஆனால் அது கேள்வி கேட்கும் கலைக்கான சான்று. அவர் எப்போதாவது ஒரு சரக்கை வாங்கி விற்றிருக்கிறாரா என்பதை அது சொல்லாது.

கோச்சிங்கால் பட்டதாரிகள் தொழில் தொடங்குகிறார்களா? இதை ஒழுங்காகச் சோதித்த இடம் துனிசியா. 2009இல் அங்கே கடைசி வருட மாணவர்களுக்கு, வழக்கமான ஆய்வேட்டுக்குப் பதிலாகப் பயிற்சியோடும் தனிப்பட்ட கோச்சிங்கோடும் ஒரு வணிகத் திட்டம் எழுதும் வாய்ப்பைக் கொடுத்தார்கள். கேட்டு வந்தவர்களில் யாருக்குக் கிடைக்கும் என்பதைக் குலுக்கிப்போட்டு முடிவு செய்ததால் ஒப்பிட முடிந்தது. பட்டம் முடிந்து ஒரு வருடத்தில், சுயதொழில் செய்பவர்கள் கூடியிருந்தார்கள், ஆனால் கூடியது 1 முதல் 4 வீதப்புள்ளிதான். மொத்தத்தில் வேலையில் இருந்தவர்களின் அளவு மாறவில்லை. நான்கு வருடம் கழித்துப் பார்த்தபோது அந்தச் சின்ன வித்தியாசமும் கரைந்துபோயிருந்தது.

நம் ஊரிலும் ஒரு நல்ல சோதனை நடந்திருக்கிறது. சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வூட்ரஃப் ஆகிய பொருளியலாளர்கள் கொழும்பிலும் கண்டியிலும் பெண்களுக்குச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வணிகப் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் பட்டதாரிகள் அல்லர், குறைந்த வருமானப் பெண்கள். ஆனாலும் பாடம் நமக்கும் பொருந்தும். ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்தவர்களுக்குப் பயிற்சி மட்டும் கொடுத்தபோது கணக்கு எழுதும் பழக்கம் போன்றவை திருந்தின, இலாபம் கூடவில்லை. பயிற்சியோடு 15,000 ரூபாயும் கொடுத்தபோது இலாபம் கூடியது, இரண்டாம் வருடத்தில் அதுவும் மங்கிவிட்டது. தொடங்கும் எண்ணத்தோடு மட்டும் இருந்த பெண்களின் கதைதான் சுவாரசியமானது. பயிற்சி பெற்றவர்கள் சீக்கிரம் தொடங்கினார்கள். பெறாதவர்களும் பின்னால் வந்து எட்டிப்பிடித்துவிட்டார்கள். ஆனால் பயிற்சியோடு தொடங்கியவர்களின் இலாபம் மேலாக இருந்தது.

ஆகவே வழிகாட்டல் நாளை முன்னுக்குக் கொண்டுவரும், எதைத் தொடங்குவது என்ற தெரிவையும் கொஞ்சம் கூர்மையாக்கும். புதிதாக ஒரு முதலாளியை உண்டாக்காது. இதை மனதில் வைத்துக்கொண்டு கட்டணத்தைப் பாருங்கள்.

மறைந்த செலவுகள் இரண்டு. முழுப் பெக்கேஜுக்கும் முற்பணம் கேட்பது ஒன்று. முதல் இரண்டு அமர்வுக்கு மட்டும் காசு கட்டிப் பார்க்க விடாதவரைத் தவிர்த்துவிடுங்கள். மற்றது, பேசிப் பேசியே வேலை நடப்பது போன்ற ஒரு திருப்தி வந்துவிடுவது. வாரம் ஒரு அமர்வு, அதற்கொரு வீட்டுவேலை, அழகான ஒரு கொப்பி. மூன்று மாதம் போயிருக்கும், ஒரு பக்கற்றும் விற்றிருக்காது.

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஒரு பெண், முகாமைத்துவப் பட்டதாரி, வீட்டில் இடித்த சரக்குத்தூளைப் பக்கற் போட்டு விற்க நினைத்தார். கோச்சிங்கில் "உங்கள் வாடிக்கையாளர் யார், வயதென்ன, என்ன பார்ப்பார்" என்று பக்கம் பக்கமாக எழுதினார். பிறகு வெள்ளவத்தையில் ஒரு பலசரக்குக் கடைக்குப் பக்கற்றோடு போனார். முதலாளி அதை வாங்கி, முதலில் ஓரத்தைப் பெருவிரலால் அழுத்தி ஒட்டியது விடுகிறதா என்று பார்த்தார். திருப்பித் திகதியைத் தேடினார். பிறகு இரண்டே கேள்வி: "விக்காட்டித் திருப்பி எடுப்பீங்களா, தங்கச்சி? காசு மாசக் கடைசியிலதான் தருவன், சரியா?" அன்று இரவு அந்தப் பெண் விலைக் கணக்கை முழுவதும் திரும்பப் போட வேண்டியிருந்தது. திரும்பி வரும் பக்கற்றுகளும் ஒரு மாதத்துக் கடனும் அவருடைய திட்டத்தில் எந்தப் பக்கத்திலும் இருக்கவில்லை.

ஆனால் அந்தக் கடைக்கு அவரைப் போக வைத்தது யார்? கோச்தான். "வெள்ளிக்கிழமைக்குள் மூன்று கடை" என்று நாள் குறித்துக் கொடுத்தவர் அவர். கோச்சுக்குக் காசு கொடுக்கலாம் என்றால் இந்த ஒன்றுக்காகக் கொடுக்கலாம். சாமான் தயார், விலை தயார், ஆனால் வெட்கமோ பயமோ விடமாட்டேன் என்கிறது என்பவருக்கு இரண்டு மூன்று அமர்வு பெறுமதியானது. என்ன தொழில் என்றே தெரியாதவருக்கு அது வீண் செலவு.

பிடிப்பதற்கு முன் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "உங்களிடம் வந்த யாருக்காவது, தொழில் வேண்டாம், வேலைக்குப் போ என்று சொல்லியிருக்கிறீர்களா?" பதில் வர எடுக்கும் நேரத்தையும் கவனியுங்கள்.

## இன்கியூபேட்டர், ஸ்டார்ட்அப் திட்டங்கள்

கோட்டையில் இயங்கும் ஹாட்ச் (தொலைபேசிக் கம்பனி அல்ல) பலருக்குத் தெரிந்த பெயர். அரசின் தகவல் தொழில்நுட்ப முகவர் நிறுவனமான இக்டா நடத்திவந்த ஸ்பைரலேஷன் திட்டத்தின் வழியாகப் பல தொழில்நுட்பக் கம்பனிகள் வந்தன. வடக்கில் யாழ் ஐரி ஹப்பின் கீக் சலெஞ்ச் என்ற ஸ்டார்ட்அப் போட்டியில் கலந்துகொண்டுவிட்டுக் கொழும்புக்கு வருபவர்களும் உண்டு.

மென்பொருள், அல்லது ஒரே பொருளை ஆயிரம் பேருக்கும் லட்சம் பேருக்கும் விற்கக்கூடிய யோசனை என்றால் இதற்கு ஈடு வேறில்லை. ஏற்கெனவே செய்து அடிபட்டவர்கள் அங்கே வந்து பேசுவார்கள். முதலீட்டாளர் ஒருவரின் நேரம் கிடைக்கும். நீங்கள் தோற்றால் திட்டத்தின் பெயரும் கெடும் என்பதால், "வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள்.

மறைந்த செலவுகள் இங்கேதான் கூட. சில திட்டங்கள் பங்கு கேட்கும். பங்கு கொடுப்பதென்றால் தனியார் கம்பனியாகப் பதிய வேண்டும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, கம்பனி என்றால் ஒரு செயலாளர் இருக்க வேண்டும், வருடாந்த அறிக்கை கொடுக்க வேண்டும். ஒரு ரூபாய் விற்காவிட்டாலும் இந்தச் செலவு நிற்காது. தனியாள் வணிகமாகப் பதிந்து சின்னதாகத் தொடங்குபவருக்கு இது இல்லை.

மொழிக் கணக்கும் இங்கேதான் கடுமை. எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும். பேச்சு ஒரு தடையென்றால் கூட்டாளி ஒருவரைச் சேர்த்துக்கொண்டு போவது மேல். மேடையில் பேச ஒருவர், செய்ய ஒருவர் என்று போவதில் குறை ஒன்றும் இல்லை.

சரக்குத்தூளுக்கும் ரியூஷன் வகுப்புக்கும் தையலுக்கும் இந்த வழி வேண்டாம். நல்ல தொழில்கள்தான், ஆனால் "எப்படி நூறு மடங்காக்குவீர்கள்" என்ற கேள்விக்குப் பதில் தேடித் தேடியே கையிலிருக்கும் தொழிலைக் கெடுத்துக்கொள்வீர்கள்.

## முதலாளியிடம் நிற்பது

பட்டம் முடித்த பிள்ளை புறக்கோட்டையில் கடையில் நிற்பதா என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயமும் சீனியும் செத்தல் மிளகாயும், முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனங்கள், செட்டியார் தெருவில் நகை. ஒவ்வொரு தெருவிலும் ஒரு தொழிலின் முழு ஓட்டமும் கண் முன்னால் நடக்கிறது. படிக்கச் சம்பளமும் தருகிறார்கள், மற்ற மூன்று வழியிலும் அது இல்லை.

அங்கே கற்கும் பெரிய பாடம் கடன். புறக்கோட்டை காசில் ஓடுவதைவிடச் செக்கில் ஓடுவது அதிகம். வெளியூர்க் கடைக்காரர் இரண்டு மாதம் தள்ளித் திகதி போட்ட செக்கைக் கொடுத்துச் சாமான் எடுப்பார். முதலாளி அதை வங்கியில் போடாமல், பின்பக்கம் கையெழுத்து வைத்துத் தன் இறக்குமதிக்காரருக்குக் கொடுப்பார். ஒன்று திரும்பினால் வரிசையாக எல்லோருக்கும் அடி விழும். யார் செக்கை வாங்கலாம், யாருடையதைச் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றால்தான் பிடிபடும். 2022இல் வங்கி வட்டி 25 வீதத்தையும் தாண்டியபோது, கடனை எண்ணிக் கொடுத்த கடைகள் எப்படித் தப்பின என்று அந்தத் தெருக்களில் கேட்டுப் பாருங்கள், ஒரு கருத்தரங்கில் கிடைக்காத விளக்கம் கிடைக்கும்.

குறைகளும் சின்னதல்ல. நேரம் நீளம். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரமாட்டார்கள், பார்த்துப் பொறுக்க வேண்டும். ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டுகிறார்களா என்று முதல் நாளே கேளுங்கள். சட்டப்படி முதலாளி 12 வீதம், நீங்கள் 8 வீதம், அதற்கு மேல் ஈரிஎஃப்புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) முதலாளி 3 வீதம். "அதெல்லாம் பிறகு பார்ப்பம்" என்றால் மறைந்த செலவு அதுதான். பழைய முறையில் ஊறியவர்களிடம் பழைய முறைதான் கற்கலாம் என்பதும் உண்மை. ஒன்லைன் விற்பனையை இன்னும் விளையாட்டாகப் பார்க்கும் முதலாளிமார் இருக்கிறார்கள்.

பெண்களுக்கு இந்த வழி பாதிதான் திறந்திருக்கிறது. புறக்கோட்டை மொத்தக் கடைகளில் பெண்களை எடுப்பது குறைவு. வெள்ளவத்தைப் புடவைக் கடை ஒன்றின் கொள்வனவுப் பக்கம், ஒரு கேட்டரிங் சமையலறை, அல்லது பல சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் ஒரு கணக்காளர் அலுவலகம் இதற்குப் பதிலாகும். கடைசியாகச் சொன்னதை நான் ஆண்களுக்கும் சொல்வேன். பத்துக் கடையின் இலாப நட்டத்தை ஒரே மேசையில் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கே கிடைக்கும்?

## அருகருகே வைத்துப் பார்த்தால்

| | கம்பஸ் பிரிவு | காசுக்குக் கோச் | இன்கியூபேட்டர் | முதலாளியிடம் |
|---|---|---|---|---|
| நேரடிச் செலவு | இல்லை | கூட | இலவசம் அல்லது பங்கு | இல்லை, சம்பளம் வரும் |
| மறைந்த செலவு | வேலை தேடும் பக்கம் இழுக்கும் | முற்பணம், பேச்சில் போகும் மாதங்கள் | கம்பனிச் செலவு, மேடைக்காக உழைக்கும் நேரம் | நீண்ட நேரம், ஈபிஎஃப் |
| மொழி | மும்மொழியும் ஓரளவு | ஆளைப் பொறுத்தது | ஆங்கிலம் | தமிழ், சிங்களம் |
| வாடிக்கையாளர் | பழைய மாணவர் வழியாக | அரிது | முதலீட்டாளர் கிடைப்பார், வாங்குபவர் குறைவு | நாள் முழுக்க |
| "வேண்டாம்" என்பாரா | தயங்குவார் | கேட்டுப் பார்க்க வேண்டும் | சொல்வார் | முதல் நாளே சொல்வார் |
| வீடு | ஒப்புக்கொள்ளும் | செலவைக் கேட்கும் | பத்திரிகையில் படம் வந்தால் ஒப்புக்கொள்ளும் | முகம் சுளிக்கும் |

## யாருக்கு எது

தொழிலா வேலையா என்றே தெளிவில்லாதவர் கம்பஸ் பிரிவோடு தொடங்கட்டும். காசும் போகாது, பழைய மாணவர் இருவரைச் சந்தித்தாலே பாதி தெளிவு வரும். மென்பொருள் செய்யக் கூட்டாளியும் மாதிரியும் இருப்பவர் நேரே இன்கியூபேட்டருக்குப் போகலாம். பொருள் வாங்கி விற்கும் தொழிலென்றால் ஒரு வருடம் முதலாளியிடம். அந்த ஒரு வருடத்தை "வேலை" என்றே வீட்டில் சொல்லலாம், பொய்யும் அல்ல.

கோச்சை நான் வைப்பது இவை எல்லாவற்றுக்கும் பிறகு. சாமானும் விலையும் முதல் பத்து வாடிக்கையாளரின் பெயரும் கையில் இருக்கிறது, ஆனால் நாள் குறிக்க முடியவில்லை என்ற நிலையில் போனால் கொடுத்த காசு திரும்பும்.

பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. இளம் பட்டதாரிகளை ஊக்குவிக்க ஹோட்டல் மண்டபம் எடுத்து ஒரு நாள் கருத்தரங்கு வைப்பது வழக்கமாகிவிட்டது. மண்டப வாடகைக்கும் பகல் சாப்பாட்டுக்கும் போகும் காசில், அந்தப் பிள்ளைகளிடமே உங்கள் அடுத்த விழாவுக்கான அச்சுவேலையையும் சிற்றுண்டியையும் ஓடர் கொடுங்கள், காசையும் சொன்ன திகதியில் கொடுங்கள்.

எந்த வழியில் போனாலும் ஒரு வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்: வணிகப் பெயர்ப் பதிவு. கிராம சேவகரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகம் வழியாகச் செய்வது. பதிவுச் சான்றிதழ் இல்லாமல் வணிகப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்க முடியாது. முதல் பெரிய ஓடருக்கான செக் உங்கள் கடையின் பெயரில் வந்துவிட்டால், அதை மாற்ற வழியில்லாமல் கையில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டிவரும்.